பயிற்றுநரை அனுப்பிவைத்தோம்

தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோற்ற பிறகுதான் புதிய பயிற்றுநர் வந்தார். எங்கள் அணி இரண்டாம் பிரிவில் ஆடுகிற சின்னக் கால்பந்து அணி. பெரிய அணிகளின் ஆட்டங்களை விடாமல் பார்க்கிறவர்களுக்குக்கூட எங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவரையும் தெரியாது. ஆனால் கிள்ளானில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்ற சிலருக்கு வேறு அணி கிடையாது. ஆறாவது தோல்வி அன்று நல்ல மழை. கூரை போட்ட பக்கத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தால் அதிகம்.

அந்த இருநூறில் நாங்கள் மூன்று பேர் எப்போதும் ஒன்றாக இருப்போம். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில், வாசல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உள்ளே வருகிற லோரிகளின் தாள்களைச் சரிபார்த்து முத்திரை குத்துகிற வேலை. இரண்டாவது ஆள் என் நண்பன். பண்டமாரானில் வீடு, டிரெய்லர் லோரி ஓட்டுகிறவன். இடைநிலைப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது முதல் பழக்கம். மூன்றாவது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அங்கிள். எழுபதைத் தாண்டியவர். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்து புறநகர் ரயிலேறி ஆட்டம் பார்க்க வருவார். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஏழுக்குள் முடிந்துவிடும். அங்கிளின் ரயில் வரும்வரை அரங்கத்துக்குப் பின்னால், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுவோம். சொல்லப்போனால், ஆட்டத்தைவிட அந்தப் பேச்சுக்காகத்தான் நான் போனேன்.

புதிய பயிற்றுநர் தமிழர். நாற்பது வயதிருக்கும். அதுவரை சிறுவர் அணிகளுக்குத்தான் பயிற்சி கொடுத்திருந்தார். வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினார். கோல்கீப்பர் பந்தை ஓங்கி உதைக்கக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுத்துப் பின்னாலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். ஓரத்தில் ஆடும் இரண்டு தற்காப்புக்காரர்களும் மேலே ஏற வேண்டும். பதினோரு வருடம் எங்களுக்காகத் தலையால் முட்டி கோல் போட்ட முன்கள ஆட்டக்காரரைத் தூக்கி வெளியே உட்கார வைத்தார்.

அவருடைய முதல் ஆட்டத்தில் கோல்கீப்பர் கொடுத்த குட்டிப் பந்தை எதிரணிக்காரன் பறித்து, காலியாக இருந்த வலைக்குள் தள்ளினான். அரை மணி கழித்து அதே மாதிரி இன்னொன்று.

"நம்ம சென்டர் பேக் ரெண்டு பேரும் பந்து கால்ல வந்தா டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்குற மாதிரி திரும்புறானுங்க. அவனுங்கள வச்சு பின்னால இருந்து கட்டப் போறாராம்" என்றேன், கடையில்.

"பழகணும்ல மச்சான்" என்றான் நண்பன். "ஆறு மேட்ச் தூக்கி அடிச்சுத்தான் ஆடுனோம். என்ன கிடைச்சிச்சு? இது புடிபட ஒரு சீசன் ஆகும்லா."

"ஒரு சீசன் ஆனா கீழ் டிவிஷன்ல போய்ப் பழகிக்கலாம்."

அங்கிள் சீனி போடாத தேநீரை ஆற்றிக்கொண்டே, "ரெண்டு பக்கத்தானும் ஒரே நேரத்தில மேல போனா பின்னுக்கு ஆர் நிக்கிறது? எனக்கு அதுதான் விளங்கேல்லை" என்றார்.

"நடுவுல ஆடுறவன் ரெண்டு சென்டர் பேக்குக்கும் நடுவுல இறங்கணும் அங்கிள். அப்ப பின்னால மூணு பேர் ஆயிடுவாங்க. அவன் இன்னும் அத லேட்டாத்தான் செய்றான்."

என் நண்பன் இப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. "உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுக்குறா?" என்று கேட்டேன். "பாத்தா தெரியுதுலா" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்தான்.

அவருடைய மூன்றாவது ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. அன்று நாங்கள் போட்ட கோலுக்கு முன்னால் பந்து எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒன்பது முறை கைமாறியது, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதைவிட அழகான கோலை எங்கள் அணி போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கடையில் அதைச் சொல்லவில்லை. எதிரணியின் கோல் எப்படி விழுந்தது என்பதைப் பற்றித்தான் பேசினேன்.

காரணம் இருந்தது. ரசிகர்களின் முகநூல் பக்கத்தில் பயிற்றுநருக்கு எதிராக நான் எழுதத் தொடங்கியிருந்தேன். வேலையிடத்தில் நான் சொல்வதை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். சன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு என் முகம்கூட நினைவிருக்காது. அந்தப் பக்கத்திலோ நான் இரண்டு பத்தி எழுதினால் முன்பின் தெரியாதவர்கள் வந்து 'சரியாச் சொன்னீங்க பிரதர்' என்றார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் படுமோசமாகத் தோற்றோம். எனக்கு வருத்தம்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே எழுத வேண்டிய வாக்கியங்கள் மனதில் வரிசையாக வந்து நின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

என் நண்பன் அவற்றைப் படித்தான். ஒருமுறை மட்டும், "ஆட்டத்தப் பத்தி எழுது. ஆளப் பத்தி எழுதாத" என்றான்.

ரசிகர்களின் கோபத்தைத் தணிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கிள்ளானில் ஒரு சமூக மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பயிற்றுநர் தனியாக வந்தார். நிர்வாகத்திலிருந்து வந்த ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். மடிக்கணினியில் ஏதோ காட்டத்தான் பயிற்றுநர் வந்திருந்தார், ஆனால் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. மை தீர்ந்துகொண்டிருந்த ஒரு மார்க்கரால் வெள்ளைப் பலகையில் வட்டங்கள் போட்டு விளக்கினார். பின் வரிசையில் இருந்தவர்களுக்கு அவை தெரியவே இல்லை. எல்லா இனத்து ரசிகர்களும் இருந்ததால் மலாயில் பேசினார். குரல் மெதுவான குரல்.

கேள்வி நேரம் வந்ததும் மைக்கை முதலில் என்னிடம் கொடுத்தார்கள். பலர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. சிறுவர்களுக்குப் பந்து பொறுக்கச் சொல்லிக்கொடுத்தவரை வைத்து பெரியவர்களின் லீக்கில் எப்படி ஆடுவது என்று கேட்டேன். சிரித்தார்கள். பயிற்றுநர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கவாட்டிலிருந்து என் நண்பன் எழுந்தான். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். மைக் இல்லாமலே, திக்கித் திக்கி, இவரை எனக்குத் தெரியும், கையில் எடுத்த பையன்களை விட்டுவிட மாட்டார், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று சொன்னான்.

ஒரு மலாய்க்காரப் பெரியவர் தலையாட்டினார். கூட்டம் அவன் பக்கம் சாய்வதை நான் உணர்ந்தேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"சொந்த மகனையே வழிக்குக் கொண்டுவர முடியாதவர், அணியை வழிநடத்துகிறவருக்கு நற்சான்றிதழ் கொடுக்க வந்திருக்கிறார்" என்றேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே சொன்னேன்.

அவனுடைய மகனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. போதைப் பழக்கத்தால் சுங்கை பூலோ பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்தான். அது தெரிந்தவன் அந்த மண்டபத்தில் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்த நாளில் தன்னால் வண்டி ஓட்ட முடியாது என்று அவன் என்னை அழைத்தான். என் காரில்தான் போனோம். திரும்பும்போது சுபாங் ஜெயாவில் எண்ணெய் போட நிறுத்தினேன். அப்புறம், "யார்ட்டயும் சொல்லாத மச்சான்" என்றான். அவ்வளவுதான்.

சிலர் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்திருப்பார்கள். என் நண்பன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. வேறு யாரோ பேசியதுபோல, பேசியது யார் என்று தேடுவதுபோலப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டை அங்கேயே தலையில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். பயிற்றுநர் மார்க்கரை மூடிப் பலகையின் கீழே வைத்துவிட்டு அவன் பின்னால் போனார்.

நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அங்கிள் முன்னால் பார்த்தபடியே, "பிழை விட்டிட்டீர் தம்பி" என்றார்.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் அங்கிளைப் பார்த்தேன். அடுக்குமாடிக்குக் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேலே கூப்பிடவில்லை. எனக்குத் தெரியாத விஷயத்தை அங்கேதான் சொன்னார். என் நண்பனின் மகன் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியில் அந்தப் பயிற்றுநரிடம் மூன்று வருடம் ஆடியவன். அவன் இல்லத்தில் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை பயிற்றுநர் ஒரு பந்தோடு சுங்கை பூலோவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அங்கிருக்கிற பையன்களோடு ஆடுவார். அப்புறம் தாளில் வரைந்து தன் ஆட்டமுறையை இவனுக்குச் சொல்வார். மகன் அப்பாவுக்குச் சொல்வான். எங்கள் நண்பன் கடையில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் அதுதான்.

"வெளியால வந்தா டீமிலயே வேலை போட்டுத் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். சட்டை, பூட்ஸ், பந்து எல்லாம் பாக்கிற வேலை" என்றார் அங்கிள்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே அங்கிள்."

"நீர் அந்த மனுசனை எழுதிற எழுத்துக்கு எப்பிடிச் சொல்லுவான்?"

அங்கிருந்து நேராகப் பண்டமாரானுக்குப் போனேன். அவன் மனைவி வந்து இரும்புக் கதவுக்கு உள்ளே நின்றாள். அந்த வீட்டில் நான் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். பூட்டைத் திறக்கவில்லை.

"அவரு ஜொகூருக்கு லோட் ஏத்திட்டுப் போயிருக்காரு அண்ணே."

லோரி எடுக்க அவன் ஓட்டிப்போகிற மோட்டார் சைக்கிள் உள்ளேதான் நின்றது. அவன் காலணி வாசலில் கிடந்தது. நான் அவற்றைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"வந்தா சொல்லும்மா."

"சொல்றேண்ணே."

அன்று இரவே என் பதிவுகளை எல்லாம் அழித்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை. மற்றவர்கள் அவற்றைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். என் வாக்கியங்கள் என்னை விட்டுவிட்டுத் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பத்து நாளில் பயிற்றுநரை நீக்கினார்கள். ரசிகர்களின் உணர்வை மதித்து எடுத்த முடிவு என்று அறிக்கை வந்தது. 'உங்க வெற்றி பிரதர்' என்று ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். அப்போது வேலையிடத்து கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். பிசைந்த சோற்றைக் கொண்டுபோய்க் கொட்டினேன். பயிற்றுநரின் முகநூல் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை.

அடுத்து வந்தவர் பழையபடி தூக்கி அடிக்கச் சொன்னார். வெளியே உட்கார்ந்திருந்த முன்கள ஆட்டக்காரரும் திரும்பி வந்தார். ஓர் ஆட்டத்தில் வென்றோம். மற்றதெல்லாம் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். கடைசி ஆட்டத்துக்குப் பிறகு அங்கிளும் நானும் மாமாக் கடைக்குப் போனோம். யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நண்பனின் மகன் இல்லத்திலிருந்து வெளியே வந்தபோது பயிற்றுநர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதியவர் தன் ஆட்களையே கொண்டுவந்திருந்ததால் அணியில் அவனுக்கு வேலை இல்லை. கொஞ்ச நாள் ஒரு கார் கழுவுமிடத்தில் நின்றான். பிறகு அங்கும் போகவில்லை. வீட்டில் சாமான்கள் காணாமல் போகத் தொடங்கின. வருடக் கடைசியில் அவனைத் திரும்பவும் அதே இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இம்முறை யாருடைய காரில் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் அங்கிள் சொல்லித்தான் தெரியும்.

"என்னாலதான் அங்கிள்" என்றேன்.

அவர் யோசித்தார். "உம்மாலதான் எண்டு நான் சொல்லமாட்டன். அந்தப் பெடியனுக்கு முதலே இருந்த வியாதி. ஆனா உம்மால இல்லை எண்டு நீர் என்னட்டக் கேட்டு வாங்கவும் ஏலாது" என்றார்.

இந்த வருடம் ஒரு காலையில் அவன் லோரி எங்கள் யார்டு வாசலுக்கு வந்தது. அவன் கம்பெனி வழக்கமாக எங்கள் பக்கம் சரக்கு எடுப்பதில்லை. இறங்கி வரிசையில் நின்று, சன்னலுக்கு வந்தபோதுதான் உள்ளே இருப்பது நான் என்று பார்த்தான். திரும்பிப் போக வழியில்லை. தாள்களைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினான். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. நான் கண்டெய்னர் எண்ணைப் படித்தேன். "ஆமா" என்றான். சீல் எண்ணைப் படித்தேன். அதற்கும் "ஆமா" என்றான். முத்திரை குத்திய பிறகும் தாளை நான் விடவில்லை.

"மச்சான், அன்னிக்கு நான் பேசுனது தப்பு."

"தப்புனு எனக்கும் தெரியும்" என்றான், குரலை உயர்த்தாமல். "அத வச்சு இப்ப நான் என்ன பண்றது?"

"பையன் எப்படி இருக்கான்?"

"அத நீ கேக்காத."

பின்னால் இருந்த லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். நான் தாளை விட்டேன். அவன் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் ஏறினான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வந்திருக்கிறான். இரண்டு முறையும் பக்கத்துச் சன்னலின் வரிசையில்தான் நின்றான். அது எப்போதும் நீளமான வரிசை.