நடுச்சுவர் கொட்டகையில் மரநாய்

கொட்டகைக் கதவைத் திறந்ததுமே வேம்புவுக்கு மூக்கில் ஏறியது புதுச்சோறு வடித்த வாசனை. அங்கே அடுப்பும் இல்லை, பானையும் இல்லை. பழுக்கட்டும் என்று தொங்கவிட்டிருந்த வாழைத்தார்களும், விறகும், பழைய சாக்குகளும்தான். கிழங்கு வெந்த வாசனை அடித்தால் பக்கத்தில் பாம்பு இருக்கிறது என்பார்கள். சோற்று வாசனைக்கு யாரும் எதுவும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு மூங்கில் கழியை எடுத்துப் பரணை மெல்லத் தட்டினாள். மேலே சருகு சரசரத்தது. கரி பூசினாற்போல் ஒரு முகம் எட்டிப் பார்த்துச் சீறியது.

மரநாய். சோற்று வாசனை அதன் உடம்பிலிருந்துதான். தாரில் பழுத்த பழங்களாகப் பார்த்துத் தின்றுவிட்டு, பழுக்காததை விட்டுவைத்த திருடன் யாரென்று அப்போதுதான் தெரிந்தது.

அது எழுபத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம். கல்லங்குறிச்சித் தேருக்கு வேம்பு ஆண்டுதோறும் பழம் கொண்டுபோவாள். புருஷன் சாமிதுரை மாட்டுவண்டியில் தார்களை ஏற்றிப் போய் இறக்குவான். கோயில் தெருவில் சாக்கை விரித்து உட்கார்ந்து விற்பது அவள் வேலை. அதிகம் பேசமாட்டாள். விலையை ஒருதரம் சொல்வாள், வாங்குகிறவர்கள் வாங்குவார்கள்.

தோட்டம் மாமனார் பூமாலை வாங்கியது. ஆயுசெல்லாம் கீழப்பழுவூரில் அடுத்தவர் வயலில் சேற்றை மிதித்த மனுஷர், கடைசிக் காலத்தில்தான் வாய்க்கால் ஓரமாய்ச் சொந்தமாக இந்த அரை ஏக்கரை வாங்கி, மண்சுவர் எழுப்பி, பனையோலை வேய்ந்து கொட்டகையும் போட்டார். அவர் போனபிறகு மூத்தவன் சாமிதுரையும் இளையவன் தங்கராசுவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கொட்டகைக்கும் நடுவில் சுவர் வைத்தாயிற்று. ஆளுக்கொரு கதவு. சுவர் பரண் வரைக்கும்தான் எழும்பியது. மூங்கில் பரண் மட்டும் பிரிபடாமல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கிடந்தது.

பாகம் பிரித்த அன்று ஒரு கொய்யா மரம் யார் பக்கம் என்று பேச்சு முற்றியது. தங்கராசுவின் பெண்சாதி செல்லக்கண்ணு ஆத்திரத்தில் ஒரு வார்த்தை விட்டாள்: கிணத்து மோட்டார் கொட்டகையில் வளர்ந்தவளுக்குத் தோட்டத்தோட அருமை என்ன தெரியும் என்று. வேம்பு கொய்யா மரத்தை அவளுக்கே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே வாய்க்காலில் ஒருத்தி இறங்கினால் இன்னொருத்தி கரையேறிவிடுவாள்.

மரநாயைப் பார்த்ததும் வேம்பு நினைத்தது என்னவோ விரட்டிவிட வேண்டும் என்றுதான். மிளகாய் வற்றலைத் தணலில் போட்டுக் கதவைச் சாத்தினால் தானாக ஓடிவிடும். தணலை வாங்கிவரத் திரும்பியவள், எதற்கும் பார்ப்போமென்று ஏணியைச் சாத்தி ஏறினாள். நடுச்சுவருக்கு நேர்மேலே, சாக்கும் வாழைச்சருகும் குவிந்த இடத்தில், தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள் கிடந்தன. இன்னும் கண் திறக்கவில்லை. தாய் பல்லைக் காட்டியது, ஆனால் இடத்தைவிட்டு எழவில்லை. வேம்பு இறங்கி, தார்களை அவிழ்த்து ஒவ்வொன்றாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாமிதுரையிடம் சொன்னபோது, உனக்கு எது தோணுதோ அதைச் செய் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டான். அவன் சுபாவம் அது.

ஆனால் பரண் பொது. செல்லக்கண்ணுவும் பார்த்துவிட்டாள். அவள் கோழிகளில் இரண்டு ஏற்கெனவே காணாமல் போயிருந்தன. அதைவிடப் பெரிய காரணமும் அவளுக்கு இருந்தது. தங்கராசு கல் குவாரியில் வேலை பார்த்தான். ஒரு வருஷமாக அவனுக்கு இழுப்பு. மாடிப்படி மாதிரி மேலேறும் மூச்சு, பாதியில் நின்றுவிடும். நாட்டு மருந்து, மந்திரித்த கயிறு, ஆடாதோடைக் கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. மரநாய்க் கறி தின்றால் இழுப்பு விட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கண்ணி வைப்பதில் கெட்டிக்காரனான அமாவாசையிடம் செல்லக்கண்ணு சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை வருவதாக அவனும் ஒத்துக்கொண்டான்.

இது வேம்பு காதுக்கு வந்தது வாய்க்கால் கரையில். வீட்டுக்குப் போய் உலை வைத்தாள், அரிசி களைந்தாள், களைந்த தண்ணீரைக் கொட்ட மறந்து கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் பானையை இறக்கி வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தாள். நடுச்சுவருக்கு அந்தப்பக்கத்துக் கதவருகே செல்லக்கண்ணு சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். வேம்புவைக் கண்டதும் முறம் நின்றது.

“குட்டி மூணு கெடக்கு. கண்ணுகூட தொறக்கல” என்றாள் வேம்பு.

செல்லக்கண்ணு முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: “எங்க வூட்டு ஆளு இருமுறது உங்க வூட்டுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது.”

கறியில் இழுப்பு தீருமா தீராதா என்று வேம்புவுக்கும் தெரியாது. அங்கேயே, புடைத்த சோளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ அன்னிக்குச் சொன்னது நெசந்தான் செல்லக்கண்ணு. எங்கப்பா செத்ததும் எங்களுக்குக் குடியிருக்க எடமில்ல. எங்கம்மா எங்க மூணு பேரையும் இழுத்துக்கிட்டுப் போயி ஒருத்தரு மோட்டார் கொட்டகையில பூந்துகிட்டா. கேக்காமத்தான். மறுநா காலையில அந்த வூட்டுக்காரம்மா வந்து பாத்தாங்க. தம்பி அப்பதான் பொறந்த புள்ள. அந்தம்மா ஒண்ணும் சொல்லல. அறுப்பு முடியிற வரைக்கும் இருங்கன்னுட்டுப் போயிட்டாங்க. அறுப்பு முடிஞ்சும் போகச் சொல்லல. அந்தக் கொட்டகையிலதான் நான் வளந்தேன்.”

செல்லக்கண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அவளாகவே எழுந்துபோய் ஏணியைச் சாத்தி ஏறிப் பார்த்தாள். இறங்கி வந்தவள் சேலையில் ஒட்டிய நூலாம்படையைத் தட்டிவிட்டாள்.

“அது என்னையப் பாத்து உறுமுதுக்கா” என்றாள்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை கண்ணியோடு வந்தான் அமாவாசை. செல்லக்கண்ணு அவனுக்கு மோர் கொடுத்து, வந்த வழியே அனுப்பிவைத்தாள். அவனுக்கு வருத்தம்தான்.

அடுத்த திங்கள்கிழமை வேம்பு தங்கராசு வீட்டு வாசலில் போய் நின்றாள். “கெளம்புங்க தம்பி, அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்” என்றாள். ஊசி என்றால் அவனுக்குப் பயம். அதனால்தான் இத்தனை நாளும் தட்டிக்கழித்து வந்தான். அண்ணி வாசலில் வந்து நிற்கும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் சட்டையைப் போட்டுக்கொண்டான். செல்லக்கண்ணுவும் சேர்ந்து மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மாத்திரை எழுதித் தந்தார். கல் தூசு ஆகாது, அந்த வேலைக்கு இனிப் போகக்கூடாது என்றும் சொன்னார். திரும்பி வரும்போது தங்கராசு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. தன் பக்கத்துத் தோட்டத்தை அவன் சரியாகப் பார்த்ததே இல்லை.

தேர் வந்து போனது. குட்டிகள் கண் திறந்து, பரணில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து உருள ஆரம்பித்தன. செல்லக்கண்ணு கோழிகளைச் சாயங்காலமே பஞ்சாரக் கூடையில் கவிழ்த்துக் கல்லைத் தூக்கிவைத்தாள். கொட்டகையில் தின்பதற்கு எதுவும் வைக்கவில்லை. குட்டிகள் சுவரைப் பிடித்து இறங்கக் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு மாலை இருவருமாகக் கூரையில் இரண்டு ஓலையை விலக்கிவிட்டு, தரையில் வேப்பிலையைப் போட்டு லேசாகப் புகை மூட்டினார்கள். மிளகாய் வேண்டாம் என்று சொன்னது செல்லக்கண்ணு. புகை பரணுக்கு ஏறியதும் தாய் ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு கூரை வழியாக வெளியேறியது. இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

விடிந்து வந்து பார்த்தால் ஒரு குட்டி மட்டும் பரண் மூலையில் சுருண்டு கிடந்தது. செல்லக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. பால் காய்ச்சி வருகிறேன் என்று கிளம்பினாள். வேம்பு தடுத்தாள், மனுஷ வாடை பட்டால் தாய் தொடாமல் போனாலும் போகும் என்று அவளுக்குப் பயம். ஒரு கூடையில் சருகைப் போட்டு, குட்டியைச் சாக்கோடு தூக்கி உள்ளே வைத்து, கூரைக்கு மேலே விலக்கிய ஓலையோரமாக இருத்தினார்கள். அன்று முழுக்க வேம்பு களை வெட்டினாள், செல்லக்கண்ணு வாய்க்காலில் துணி துவைத்தாள். இரண்டு பேர் கண்ணும் கூரைமேல்தான்.

மறுநாள் கூடை காலியாக இருந்தது. தாய்தான் வந்து தூக்கிப்போயிற்று என்றாள் செல்லக்கண்ணு. வேம்பு அவளுக்குத் தெரியாமல் கொட்டகையைச் சுற்றி வந்து, ரத்தமோ முடியோ கிடக்கிறதா என்று தேடினாள். எதுவும் இல்லை. அதற்கப்புறம்தான் அவளும், ஆமா, தாய்தான் என்றாள்.

தங்கராசு குவாரிக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த வைகாசியில் வேம்பு தன் வாழைக்கட்டைகளில் பாதியைத் தோண்டி அவன் பக்கத்தில் நட்டுக்கொடுத்தாள். எப்படித் தண்ணீர் கட்டுவது, எந்தக் கன்றை விடுவது, எதை வெட்டுவது என்று கூடவே நின்று சொன்னாள். முதல் வருஷம் காற்றில் பாதி சாய்ந்தது. இழுப்பு முழுசாக விடவில்லை. மழைக்காலத்தில் வரும், மாத்திரையில் அடங்கும். இரண்டாம் வருஷத்திலிருந்து தேருக்குச் சாமிதுரையின் வண்டியில் இரண்டு வீட்டுத் தார்களும் சேர்ந்தே போயின.

சுவரை யாரும் இடிக்கவில்லை. இடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. கூரை மாற்றும்போது யார் எத்தனை ஓலை போடுவது என்று ஓரகத்திகள் இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். கோழி கீரைப்பாத்தியைக் கிளறியது என்று வேம்பு கத்துவாள், தண்ணியை முழுசும் உன் பக்கமே திருப்பிக்கொண்டாய் என்று செல்லக்கண்ணு கத்துவாள். அதிகம் பேசமாட்டாள் என்று பேரெடுத்த வேம்புவா இது என்று பக்கத்து வயல்காரர்கள் நடவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பொழுது சாயும்போது இருவரும் ஒரே விறகுச்சுமையை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு, சண்டை முடியாமலே, ஊருக்குள் நடந்துபோவார்கள்.