அண்ணன் பார்த்துக்கொண்ட வண்டி

அண்ணனை நினைத்தால் முதலில் என் கண்ணில் வந்து நிற்பது ஒரு கம்பி. என்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பதற்காக உள்ளே செருகி வைத்திருக்கும் மெல்லிய நீளக் கம்பி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஸ்ரீரங்கத்தில் அண்ணனும் அண்ணியும் இருந்த அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில், அண்ணன் அதை உருவி எடுப்பார். பழைய வேட்டிக் கிழிசலால் ஒரு தடவை துடைப்பார். திரும்ப உள்ளே விட்டு எடுத்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நுனியில் ஒட்டியிருக்கும் எண்ணெயைப் பார்ப்பார். அந்த முகத்தில் தெரிந்தது ஓர் இயந்திரத்தைப் பார்க்கும் ஆளின் பார்வை இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தெர்மாமீட்டரைப் பார்ப்பவரின் பார்வை. எல்லாம் சரியாக இருக்கிறதென்று தெரிந்த பிறகும் அவர் முகம் தெளிந்து நான் பார்த்ததில்லை.

அது ஒரு வெள்ளை நிறச் சின்னக் கார். ஆலைக்காரர்களுக்கான கைலாசபுரத்து டவுன்ஷிப்பில் குடியிருந்த காலத்தில் வாங்கியது. அண்ணனுக்கு ஆலையில் வேலையே இயந்திரங்கள் பழுதாவதற்கு முன்னால் அவற்றைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து வைக்கும் பிரிவில்தான். முப்பது வருஷம் அதைத்தான் செய்தார். ஆனால் சொந்த வண்டியை மட்டும் ஏனோதானோவென்று வைத்திருந்தார். சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம், நின்றால் தள்ளிக்கொள்ளலாம் என்று சிரிப்பார். ஆலையில் நாள் முழுக்க ஸ்பானர் பிடித்தவருக்கு வீட்டிலும் அதைத் தொட அலுப்பு. அப்போது யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

அண்ணிக்குப் பிறந்த ஊர் சமயபுரம். அவருடைய அப்பா கோயிலுக்குப் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். மாவிளக்குத் தட்டும் வேப்பிலையும் மஞ்சள் துணியுமாக எப்போதும் அந்தக் கடை மணந்துகொண்டிருக்கும். அண்ணன் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், சித்திரை வெயிலில், இரண்டு பேரும் ஒருநாள் லீவில் அங்கே போயிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணியின் அப்பா, பெரியவருக்கு உடம்பெல்லாம் வியர்த்து மூச்சு வாங்கியது. அவரைக் காரின் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கொள்ளிடம் பாலத்துக்குச் சற்று முன்னால் வண்டியின் முன்பக்கம் புகை போல ஆவி கிளம்பியது. ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர்க் குழாய் வெடித்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டி நின்றுவிட்டது.

அந்தக் குழாயைப் பற்றி ஒரு வாரம் முன்பே அண்ணி சொல்லியிருந்தார். "வண்டி நிக்கிற இடத்துல ஈரமா இருக்குங்க. ஏதோ வேகுற வாடையும் வருது, பாருங்களேன்" என்று. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றிருக்கிறார் அண்ணன். அந்த அடுத்த வாரம்தான் அது. நெடுஞ்சாலையின் நடுவில் நின்று அண்ணன் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி வண்டிகளை நிறுத்தப் பார்த்தாராம். கார்கள் நிற்கவில்லை. கடைசியில் வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு லோடு வண்டி நின்றது. தார்களுக்கு நடுவில் பெரியவரைப் படுக்கவைத்து, அண்ணி தன் முந்தானையால் அவர் முகத்துக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்."

நான் அப்போது திருச்சியிலேயே பாலக்கரையில் இருந்தேன். இப்போதும் அங்கேதான். செய்தி கேட்டு ஓடியபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்க வாழைக்கறை. என்னைப் பார்த்ததும், "இருபது நிமிஷம்மா. ரோட்டுல நின்னது இருபது நிமிஷம்" என்றார்.

அண்ணி ஒருநாளும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. சாவு வீட்டில் யாரோ ஓர் உறவுக்காரர் வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தபோதுகூட, "அதெல்லாம் யாருக்கு வேணா நடக்கும், விடுங்க" என்று வாயை அடைத்தவர் அவர்தான். ஆனால் அதன் பிறகு அந்தக் காரில் அவர் ஏறவே இல்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. முதல் தடவை அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, "நீங்க வாங்க, நான் பஸ்ல வந்துடறேன்" என்றார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார். மூன்றாம் தடவை அண்ணன் கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்குக் குடி வந்த பிறகும் அப்படித்தான். கல்யாணமோ காதுகுத்தோ, அண்ணி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போவார். அண்ணன் அவருக்குப் பின்னாலேயே காரில் தனியாக வருவார். மண்டப வாசலில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு உள்ளே நுழைவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வண்டியை விற்றுவிடச் சொன்னவர்கள் நிறைய. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகன் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வான். நானும் ஒருமுறை சொன்னேன். "வித்துட்டா? தப்பு வண்டி மேலயா இருக்கு?" என்றார் அண்ணன். நான் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓய்வு பெற்ற அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் ஆரம்பித்தார். ஆயில் பார்த்து முடித்ததும், என்ஜின் சூடாவதற்கு முன்னால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் அளவு பார்ப்பார். ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவில் வைத்து அமுக்குவார். இறுகிப்போயிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா, கிளிப் கவ்வியிருக்கும் இடத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்துவார். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவுவார். பிரேக் ஆயில் டப்பாவை டார்ச் அடித்துப் பார்ப்பார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டித் தூசி எடுப்பார். ஒருநாளும் வெளியே எடுக்காத ஸ்டெப்னி டயருக்குக்கூடக் காற்று குறையாது. நல்ல நிலையில் இருக்கும் குழாயையே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவார். போட்ட மாதத்தையும் வருஷத்தையும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவைப்பார். பானெட்டைத் திறந்தால் என்ஜின் முழுக்கக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். எதிர் வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்ற மனுஷருக்கு நல்ல பொழுதுபோக்கு என்று நினைத்தார்கள். ஒருமுறை கேட்டேவிட்டேன். "யாருக்காகண்ணே இவ்வளவு பாக்கறீங்க? அண்ணிதான் ஏறவே மாட்டேங்கறாங்களே." அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "என்னிக்காவது ஒருநாள் ஏறுவா. அன்னிக்கு நிக்கக் கூடாது." ஒன்பது வருஷம் அவர் அந்த ஒருநாளுக்காக வண்டியைத் தயாராக வைத்திருந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியுமென்பதால் மாதம் ஒருமுறை என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் அவர் உட்கார்ந்து வருவார். பின்னால் இருப்பவருக்கு என்ஜின் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று பார்க்கவாம்.

அந்த நாள் வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாளாக வந்தது. நான் சொர்க்கவாசல் பார்க்க வந்தவள் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். காலை டிபன் முடிந்து, பத்து மணி இருக்கும், அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே திரும்ப உட்கார்ந்தார். இடது தோளைப் பிடித்துக்கொண்டார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். தெருவெல்லாம் கூட்டம், சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். நான் ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை பிடிக்க, மெல்லக் கீழே இறக்கிப் பின் சீட்டில் சாய்த்தோம். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கணம்தான். "அண்ணி, ஏறுங்க" என்று நான் கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்குபவரைப் போல உள்ளே ஏறினார். அண்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பிய உடனே வண்டி கிளம்பியது. கூட்டத்துக்குள் ஹாரனை அழுத்திக்கொண்டே ஊர்ந்து, மெயின் ரோட்டுக்கு வந்து, காவிரிப் பாலத்தில் ஏறியபோது பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "முள்ளு எங்க நிக்குது?" என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைத்தான் கேட்டார்.

"பாதிக்குக் கீழதாண்ணே. நீங்க பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருக்கவில்லை. அண்ணியிடம் கேட்டார். "உனக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"ஒரு சத்தமும் இல்லீங்க" என்றார் அண்ணி. "நல்லா ஓடுது. நல்லா ஓடுதுங்க." சொல்லிக்கொண்டே அவர் அழுவது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. அண்ணன் அழவில்லை. அந்த வலியிலும் அவர் முகம் தெளிந்திருந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்தேன், பிறகு சாலையைப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கரெக்டான நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க" என்றார். அது அண்ணன் காதிலும் விழுந்தது. பதினோரு நாள் இருந்தார். இடையில் ஒருநாள் எழுந்து உட்கார்ந்து இட்லிகூடச் சாப்பிட்டார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் நாள் விடியும்போது தூக்கத்திலேயே போய்விட்டார். சரியான நேரத்துக்குக் கொண்டுவருவதும் போதாமல் போகலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அண்ணனுக்கு அது தெரியாமல் போனது நல்லதென்றும் நினைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து, மகன் ஏற்பாடு செய்து, பழைய வண்டிகள் வாங்கி விற்கும் ஒருவர் காரைப் பார்க்க வந்தார். மகன் வர முடியாததால் நான் போயிருந்தேன். அண்ணியும் கீழே இறங்கி வந்தார். அந்த மனிதர் பானெட்டைத் திறந்தார். பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "எத்தனையோ வண்டி பாத்திருக்கேங்க. இப்படி ஒரு வண்டியைப் பாத்ததில்ல. யாருங்க வச்சிருந்தது?" என்று கேட்டார். "எங்க அண்ணன்" என்றேன். "புண்ணியவான்" என்று சொல்லி, பானெட்டைச் சத்தம் வராமல் மூடிவிட்டு, வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அவர் போன பிறகு அண்ணி அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி கைவிட்டுப் போகிற வருத்தம் என்று நினைத்து அவர் கையைப் பிடித்தேன். அண்ணி என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு எங்கப்பா காலையில எட்டு மணிக்கே நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னாரும்மா. உங்கண்ணன் அப்ப கடைத்தெருவுக்குப் போயிருந்தாரு. நான்தான், அது வாயுவா இருக்கும்ப்பா, மோர் குடிச்சுட்டுப் படுங்க, மாப்பிள்ளை வந்திருக்காரு, நான் சமையலை முடிச்சுடறேன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னாரு. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது என் கை அவர் கையிலிருந்து நழுவியதா, நான் எடுத்துக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

"டாக்டர் கொஞ்சம் முன்னாடின்னு சொன்னாருல்ல? அவர் எதைச் சொல்றாருன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. உங்கண்ணனோ, வண்டி ரோட்டுல நின்னதைச் சொல்றாருன்னு நினைச்சுக்கிட்டாரு. நான் வாயத் தொறக்கல. அப்புறம் அந்த வண்டியைப் பாத்தாலே எனக்கு உள்ள நடுங்கும். எப்படி ஏறுவேன்? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் காபி எடுத்துட்டுக் கீழ வருவேன். அவரு தலையை உள்ள விட்டுக்கிட்டு ஏதாவது முடுக்கிக்கிட்டு இருப்பாரு. வச்சுட்டுப் போயிடுவேன். ஆஸ்பத்திரியில பதினோரு நாள் இருந்துச்சு. இட்லி சாப்பிட்டாரே, அன்னிக்குக்கூட வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு சந்தோஷமா இருந்தாரும்மா. வண்டி நிக்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அதை எப்படிக் கெடுக்கறது?"

அண்ணன் அமுக்கிப் பார்த்த குழாய்கள், தரையில் தட்டிய தூசி, மண்டப வாசல்வரை தனியாக ஓட்டி வந்த தூரமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கோபம் வந்தது. அது யார் மேல் என்று பார்த்தால், பக்கத்தில் நரைத்த தலையோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மேல் அதை வைக்க முடியவில்லை. அவரும் அத்தனை வருஷமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்தான். ஏதாவது சொல்ல வேண்டுமென்று தோன்றியது. நான் ஒரு பொய் சொன்னேன்.

"அண்ணனுக்குத் தெரியும் அண்ணி. உங்கப்பா காலையிலயே சொன்னது, எல்லாமே. என்கிட்ட ஒருநாள் சொல்லியிருக்காரு."

அண்ணி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு ஆசையோடு யாரும் என் வாயைப் பார்த்ததில்லை.

"எப்ப சொன்னாரு?" என்று கேட்டார்.

அண்ணனோடு நான் இருந்த நாட்களையெல்லாம் மனதுக்குள் துழாவினேன். அவர் என்னிடம் பேசியதெல்லாம் பெல்ட்டும் பிரேக் ஆயிலும் டயரில் காற்றும்தான். ஒரு பொய்யை வைப்பதற்குக்கூட அவற்றில் ஒருநாள் கிடைக்கவில்லை. நான் யோசிப்பதை அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல எழுந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு, "வெயில் ஏறுது, மேல வா" என்றார்.