பெட்டி ரயிலில், சாவி விமானத்தில்

வண்டி தாமதமானாலும், வழியில் புயல் அடித்தாலும், போன இடத்தில் ஜாதகம் பொருந்தாவிட்டாலும், திட்டு வாங்குவது டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன்தான்.

கும்பகோணத்தில் முப்பது வருஷம் அந்தத் தொழில் செய்தேன். ஒரு மேஜை, ஒரு டெலிபோன், சுவரில் இந்தியா படம், மடிப்பு கிழிந்த ரயில்வே கால அட்டவணை. கடை அவ்வளவுதான். வழியில் வேறு வண்டி மாறவேண்டுமென்றால் இங்கிருந்து அந்த ஸ்டேஷனுக்குத் தந்தி போகும். பதில் வந்தால் படுக்கை. வராவிட்டால் கக்கூஸ் ஓரம். அப்படி உட்கார்ந்து போனவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ராத்திரி ரயிலில் தூங்கி, பகலில் வேலையை முடித்து, அடுத்த ஊருக்கு விமானம் என்று திட்டம் போடுவது ஒரு பைத்தியம். தாளில் அழகாக இருக்கும். அப்படிப் போட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பேர், இரண்டு வழி

கழகம் ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்காரர் பேரைத் தாலுகா ஆபீசில் பதியவேண்டும் என்று சட்டம் வந்து, ஊருக்கு ஊர் வழக்கு. அப்படி வழக்கில் கிடந்த மிராசுதார் ஒருவர் கடைக்கு வந்தார். அறுபத்தைந்து வயது. பட்டணம், பம்பாய், டெல்லி போகவேண்டும் என்றார். மூன்று ஊரிலும் ஒவ்வொரு பிள்ளை.

அவர் நிலத்தில் ஒன்றரை வேலியை, அதாவது பத்து ஏக்கரை, வைரக்கண்ணு என்பவர் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் ராஜி. வைரக்கண்ணு ஒரு வேலியை விட்டுவிடவேண்டியது. மீதி அரை வேலியை மிராசுதார் அவர் பேருக்கே எழுதிவைக்க வேண்டியது. குடும்பச் சொத்து. மூன்று பிள்ளைகளும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். டெல்லிப் பிள்ளை ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை ராத்திரி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். திரும்ப மூன்று வருஷம். அவன் கிளம்புவதற்குள் கையெழுத்து விழாவிட்டால் ராஜி போச்சு, வழக்கு பழையபடி. தபாலில் அனுப்பலாமே என்றேன். அனுப்பினால் மூன்று பேரும் மூன்று சந்தேகம் எழுதுவார்கள், எதிரே போய் உட்கார்ந்தால்தான் போடுவார்கள் என்றார்.

வைரக்கண்ணுவும் வருகிறாராம். பத்திரம் கண்ணை விட்டு மறையக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அப்படியானால் இரண்டு பேருக்கும் சேர்த்து ரயிலிலேயே போட்டுவிடுகிறேன் என்றேன். மிராசுதார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் எதிர்க்க ரெண்டு நாள் உக்காந்து போறதுக்கு, நிலத்த முச்சூடும் குடுத்துட்டு வீட்லயே இருந்துடுவேன் தம்பி. எனக்குப் பிளேன் போடு."

பெட்டியும் சாவியும்

பட்டணம் வரை ஒரே வண்டி, வேறு வேறு வகுப்பு. அதற்கு மேல் இவருக்கு விமானம், அவருக்கு மூன்றாம் வகுப்பு ரயில். அவர் முதல்நாளே ரயில் ஏறிவிடுவார். இவர் பிள்ளை வீட்டில் தூங்கி எழுந்து, அவர் போய்ச் சேருகிற அன்றைக்குப் பறந்து போவார். இரண்டு பேரும் ஒவ்வொரு ஊரிலும் ஒரே நாளில் சந்திக்கவேண்டும். ஒரு வாரம் அட்டவணையோடு மல்லுக்கட்டினேன்.

எல்லாம் சரியாக வந்த பிறகு ஒரு கேள்வி. பத்திரம் யாரிடம் இருப்பது? இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். வைரக்கண்ணு நாற்பது வயது இருக்கும். தோளில் கட்சிக் கரைத் துண்டு. படிப்பகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்; பத்திரத்தை வரி விடாமல் படித்திருந்தார். உட்காருங்க என்றேன். மிராசுதார் முகம் சுளித்தது. வைரக்கண்ணு நின்றுகொண்டே இருந்தார். மிராசுதார் "அவன்கிட்ட சொல்லு" என்பார். வைரக்கண்ணு "ஐயாகிட்ட சொல்லுங்க" என்பார். நடுவில் நான்கு அடிதான் தூரம். இரண்டு பேர் காதும் நன்றாகக் கேட்கும். நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரைமணியில் எனக்குப் பொறுமை போயிற்று. எதிர்க்கடைக்குப் போய் ஒரு தகரப் பெட்டியும் பூட்டும் வாங்கிவந்தேன். பத்திரம் உள்ளே. பெட்டி ரயிலில் போகட்டும், சாவி விமானத்தில் போகட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். மிராசுதார் பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வைரக்கண்ணு பெட்டியை ஆட்டிப் பார்த்தார்.

"பொட்டி எங்கிட்ட இருந்தா போதும் சார். சாவி பறந்தா என்ன, நடந்தா என்ன."

முன்னால் கிளம்பிய பை

சனிக்கிழமை ராத்திரி கிளம்பினால் டெல்லியில் ஒருநாள் கையில் இருக்கும். அப்படித்தான் போட்டிருந்தேன். மிராசுதார் ஜோசியரிடம் போய் வந்தார். சனிக்கிழமை ஆகவே ஆகாதாம். ஞாயிற்றுக்கிழமையும் சுமார்தானாம். வியாழக்கிழமை காலையில்தான் நல்ல நேரமாம்.

நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால் ஒரு சாமானை முன்கூட்டி வெளியே கொண்டுபோய் வைப்பதுண்டு. பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். கோயிலில் வைப்பார்கள், தெரிந்தவர் வீட்டில் வைப்பார்கள். இவர் என் கடையில் வைத்தார்; பயணத்தை ஞாயிறு ராத்திரிக்கு மாற்றச் சொன்னார். வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஒரு தோல்பை என் மேஜை மேல். அதை நகர்த்தக் கூடாது. மூன்று நாள் அந்தப் பைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வியாபாரம் செய்தேன்.

ஞாயிறு கிளம்பினால் எல்லாம் கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் டெல்லியில் இறங்கி, அன்றைக்கே கையெழுத்து, ராத்திரி பிள்ளை கிளம்பிவிடுவான். நான் மறுத்திருக்க வேண்டும். அலுத்துப்போய் சரி என்றேன். தப்பு என்னுடையது. டிக்கெட்டை வாங்க வந்த வைரக்கண்ணு அந்தப் பையைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு இருக்கறதே ஒரு பை சார். அதை முன்னால அனுப்பிட்டா, நான் எதைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போறது?"

மூன்று நிமிஷம்

பட்டணத்தில் பெரிய பிள்ளை கையெழுத்துப் போட்டான். பம்பாயில் நடுப்பிள்ளை இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டான். புதன்கிழமை ராத்திரி வைரக்கண்ணு பெட்டியோடு டெல்லி ரயில் ஏறினார். இதெல்லாம் நடுப்பிள்ளை அடித்த தந்தியில் தெரிந்தது. நிம்மதியாக ஒரு காப்பி சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டிரங்கால். பம்பாயிலிருந்து மிராசுதார். விமானத்தில் ஏதோ பழுதாம், இன்றைக்குக் கிளம்பாதாம். மற்றதில் இடம் இல்லை. நாளைக் காலையில்தான். நான் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. எந்த ரயிலும் அன்று ராத்திரிக்குள் போகாது என்று தெரியும். டெல்லிப் பிள்ளை வீட்டில் டெலிபோன் கிடையாது. அங்கே வைரக்கண்ணு பூட்டிய பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். சாவி பம்பாயில்.

பூட்டை உடைக்கச் சொல்லி அவசரத் தந்தி கொடுங்க என்றேன். மூன்று நிமிஷம் ஆகப்போகிறது என்று ஆபரேட்டர் குறுக்கே சொன்னார். வேறு வழி இல்லை, உடைத்தால் கையெழுத்து, உடைக்காவிட்டால் இன்னும் நாலு வருஷம் என்று கத்தினேன். லைன் அறுகிற நேரத்தில் கேட்டார்.

"என் பூட்டை ஒடைக்கச் சொல்லி, அதுவும் அவனுக்கு, நானே தந்தி குடுக்கணுமா?"

குழவிக் கல்

கொடுத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தந்தி டெல்லி வீட்டுக்கு வந்திருக்கிறது. அங்கே நடந்ததை வைரக்கண்ணு பிறகு என்னிடம் சொன்னார். சின்னப் பிள்ளை தந்தியைப் படித்துக் காட்டி, உடையுங்க என்றான். வைரக்கண்ணு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையவில்லை. இங்கிலீஷ் தந்தி. அதில் என்ன இருக்கிறதோ. தமிழில் இருந்தாலும் உடைத்திருக்க மாட்டேன் என்றார் என்னிடம்.

காரணம் இருந்தது. கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்திய ஒரு வருஷம், மிராசுதார் வீட்டு நெல் பத்தாயத்தின் பூட்டு உடைந்து கிடந்தது. உடைத்தது வைரக்கண்ணுவின் அப்பா என்று கேஸ். ஆறுமாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். செத்துப்போகும் வரை நான் தொடவே இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டுப் பூட்டை மகன் உடைப்பானா?

வாசலில் டாக்சி நிற்கிறது. பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. சமையலறைக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து, தானே ஒரு போடு போட்டான். பூட்டு தெறித்தது. அப்போதும் வைரக்கண்ணு பத்திரத்தை எடுக்கவிடவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, பூட்டை உடைத்தது நான், வைரக்கண்ணு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு எழுதினான். அதற்குப் பிறகுதான் பத்திரம் வெளியே வந்தது. கையெழுத்து விழுந்தது. டாக்சி போய்விட்டது.

"ஊருக்குத் திரும்பினா மொதல்ல பூட்டைத்தான் சார் கேப்பாங்க. பத்திரத்தை அப்புறந்தான் கேப்பாங்க."

திரும்பி வந்த விமான டிக்கெட்

சனிக்கிழமை மிராசுதார் டெல்லி போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பட்டணத்துக்கு விமானம். ஆனால் இப்போது பூட்டு இல்லை. மூன்று கையெழுத்தும் விழுந்த பத்திரம் திறந்த பெட்டியில் கிடக்கிறது. நான் கொண்டுபோகிறேன் என்றார் மிராசுதார். முடியாது என்றார் வைரக்கண்ணு. நீ கொண்டுபோ என்று சொல்ல மிராசுதாருக்கு வாய் வரவில்லை. புதுப் பூட்டு வாங்கலாம் என்று மருமகள் சொன்னாளாம். ஒரு தடவை பட்டதே போதும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்களாம். அன்றைக்கு அதில் மட்டும் ஒற்றுமை.

நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துப் போட்ட திட்டம் இப்படி முடிந்தது. இரண்டு பேரும் ஒரே ரயிலில், ஒரே மூன்றாம் வகுப்பில், எதிர் எதிரே. நடுவில் பெட்டி. இரண்டு ராத்திரி. ஊர் வந்த மறுநாள் மிராசுதார் பயன்படுத்தாத டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கண் சிவந்திருந்தது. ஏன் ஐயா, நீங்க மட்டுமாவது பறந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"பத்திரம் பறக்காதுன்னுட்டான். அப்பறம் நான் மட்டும் பறந்து என்னத்தப் பண்றது?"

நாக்பூர் தாண்டி

இரண்டு வாரத்தில் அரை வேலியும் ரிஜிஸ்தர் ஆயிற்று. அன்று மத்தியானம் வைரக்கண்ணு கடைக்கு வந்தார். இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தார். ரயிலில் என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன். எனக்கு அது தெரிந்தாகவேண்டும்.

முதல் ராத்திரி ஒரு பேச்சும் இல்லையாம். அவர் தூங்கட்டும் என்று இவர் விழித்திருக்க, இவர் தூங்கட்டும் என்று அவர் விழித்திருக்க, விடிந்துவிட்டது. காலையில் மிராசுதார்தான் வாயைத் திறந்தார். பூட்டை உடைத்தது அவன்தான் என்று என் பிள்ளையிடம் எதற்காக எழுதி வாங்கினே என்று கேட்டார். வைரக்கண்ணு தன் அப்பா பேரைச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மிராசுதார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பாடு வந்தது, தொடவில்லை.

நாக்பூர் தாண்டி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாராம். அந்த வருஷம் பத்தாயத்துச் சாவி தொலைந்துபோயிற்று. காரியஸ்தரை விட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னது நான்தான். ஆட்கள் வேலையை நிறுத்திய கோபம். உடைந்த பூட்டு கையில் இருந்தது. உன் அப்பன் பேரைப் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் சொன்னார்.

நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன். வைரக்கண்ணு சட்டைப் பையைத் தொட்டார். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

"அதையும் எழுதிக் குடுங்கன்னேன். குடுத்துட்டாரு. என்ன, வண்டி ஆட்டத்துல எழுத்துதான் கொஞ்சம் கோணலா இருக்கு."

முப்பது வருஷத்தில் நான் போட்ட திட்டங்களில் நிமிஷம் பிசகாமல் நடந்தவை எத்தனையோ உண்டு. அந்தப் பயணங்களைப் பற்றி யாரும் கடைக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.