மெஷினை நம்பாத மாணவி

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், சின்னாளபட்டியில் நான் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்த நேரம். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுவது எங்கள் வீட்டுத் தொழில். ஆறாம் மாதத்திலும் சாயத்தில் கை வைத்தேன். விரலும் நகமும் எப்போதும் கருநீலம். எந்தச் சோப்புக்கும் போகாது.

அப்போது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்ஜினீயரிங் மாணவி ஒருத்தி பயிற்சிக்கு வந்திருந்தாள். ஊசி குத்தாமலே ரத்தசோகையைக் கண்டுபிடிக்க, அவள் கல்லூரியில் ஒரு மெஷின் செய்திருந்தார்கள். கிளிப் மாதிரி விரலில் மாட்டினால், வெளிச்சம் பாய்ச்சி ரத்த அளவைக் காட்டும். அதைக் கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை.

எனக்கு ரத்தம் போதுமான அளவு இருப்பதாகக் காட்டியது. ஊசிக்குப் பயந்த எனக்குப் பரம நிம்மதி. அவளோ என் முகத்தையே பார்த்தாள். "நாலு படி ஏறுனதுக்கே இம்புட்டு மூச்சு வாங்குதேக்கா! செத்த நேரம் உக்காருங்க" என்றவள், ரத்தம் எடுத்தும் பார்த்துவிடச் சொல்லி நர்ஸிடம் கேட்டாள். முடிவைப் பார்த்து நர்ஸே பதறிவிட்டார். அன்றைக்கே திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள்.

"உங்க விரல் சாயம் வெளிச்சத்த மறிச்சு, ரத்தம் நெறைய இருக்குற மாதிரி மெஷின ஏமாத்திருச்சுக்கா" என்றாள் பிறகு.

அடுத்த மாதம் அவள் பயிற்சியை மதிப்பிட இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். சோதனைக்கு வந்த எங்களையும் விசாரித்தார்கள். மெஷின் தோற்றது தெரிந்தால் அவளுக்கு மார்க் போய்விடுமே என்று எனக்குக் கவலை.

"மெஷின் சரியாத்தான் காட்டுச்சுன்னு சொல்லிர்றேன் பாப்பா" என்றேன் மெதுவாக.

"வேணாங்க்கா. அப்புறம் இது இப்படியே அடுத்த ஊருக்குப் போயிரும். மார்க்கு போனாப் போகுது."

உள்ளே போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மூத்தவர் முகம் சுருங்கியது. "அப்ப மெஷின் தப்புங்கிறீங்களா?"

"மெஷின் தப்புத்தான் சார். அந்தப் பிள்ள மேல தப்பில்ல. அவ மட்டும் மெஷின நம்பியிருந்தா, நானும் வயித்துப் பிள்ளையும் என்ன ஆயிருப்போமோ."

அவர் என் கையை நீட்டச் சொல்லி, நகங்களை உற்றுப் பார்த்தார்.

மெஷின் கல்லூரிக்கே திரும்பிப் போனது. அவளுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள் என்று நர்ஸ் பின்னால் சொன்னார். எனக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

ஒருவருக்கு நல்லது செய்வதாக நினைத்துப் பொய் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அது அடுத்து யார் வீட்டில் போய் நிற்குமோ என்று இன்றும் ஒரு கணம் யோசித்துக்கொள்கிறேன்.