பேர் சொல்லச் சொன்னார்கள்

எனக்குத் திக்குவாய். வாயால் சொல்வதைவிட எழுதிச் சொல்வது சுலபம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா வார்த்தையும் திக்காது. எல்லா நாளும் திக்காது. பாடும்போது திக்கவே திக்காது. கன்றுக்குட்டியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன், ஒரு தடங்கலும் இருக்காது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் "உன் பேரென்ன?" என்று கேட்டுவிட்டால் போதும், தாடை இறுகி, முகம் கோணி, முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன்.

இதனால் சமயநல்லூரில் எங்கள் வீட்டில் யாரும் என்னை முழுசாக நம்பியதில்லை. "மாட்டுக்கிட்ட பேச வருது, மனுசங்ககிட்ட வரலையாக்கும்? அம்புட்டும் கொழுப்பு" என்பார் அப்பா. மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு ஏதாவது ஒப்பிக்கச் சொன்னார். கடகடவென்று ஒப்பித்துவிட்டேன். குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா என்னோடு பேசவில்லை. டாக்டர் முன்னால் திக்கியிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் எனக்கு வரன் பார்த்தார்கள். பரவையிலிருந்து முதலில் வந்தவர்கள் பேரைக் கேட்டார்கள். வெற்றிலைத் தட்டைத் தொடாமலே எழுந்து போனார்கள். அம்மா இல்லாத எனக்கு எல்லாம் சித்திதான். பசுமலைப் பக்கத்திலிருந்து அடுத்தவர்கள் வந்தபோது அவள் முந்திக்கொண்டாள். நான் விழுந்து கும்பிட்டு எழுவதற்குள், "புள்ள நல்லாப் பாடும், ஒரு பாட்டைக் கேட்டுட்டுப் பேசுவோம்" என்றாள். பாடினேன். அதன்பிறகு பேர், வயசு, படிப்பு என்று கேட்டதற்கெல்லாம் சித்தியே பதில் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, "குரலு கணீர்னு இருக்கு தாயி" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கல்யாணமாகிப் போன மறுநாளே குட்டு வெளிப்பட்டது. புதுப்பெண்ணைப் பார்க்க வந்த தெருப் பெண்கள் பேரைக் கேட்டார்கள். நின்றுவிட்டேன். மாமியார்தான் எனக்காகச் சொன்னார். அவர்கள் போனபிறகு தனியாகக் கூப்பிட்டு அவரே கேட்டார், அப்போதும் வரவில்லை. ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுகட்டுகிற ஆள் இல்லை அவர். விடிந்ததும் கேட்பார். வேலை ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போது கேட்பார். மகன் பக்கத்தில் இருக்கும்போது ஒரு தரம், அவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு தரம். சில சமயம் வந்தது, பல சமயம் வரவில்லை. அதுவரை என்னை அத்தனை நிதானமாக யாரும் கவனித்ததில்லை. அதன்பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். "புள்ளைக்குப் பேச்சுத் திக்குது. அதை மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாக. கூட்டிட்டுப் போயிரட்டும்" என்றார் மாமியார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "எதுக்கு வளவளன்னு பேசிக்கிட்டு? புள்ளைய வரச் சொல்லுங்க. நம்ம முன்னால பேரைச் சொல்லட்டும். சொல்லிட்டா இருக்கட்டும், சொல்லலைன்னா போகட்டும்" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். என் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

"பேரென்னத்தா?"

வந்துவிட்டது. ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பேர், அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. போதாக்குறைக்கு, "வேற என்ன சொல்லணும் மாமா?" என்றுகூடக் கேட்டேன். யாரோ சிரித்தார்கள். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெரியவர் மாமியார் பக்கம் திரும்பி, "ஏத்தா, இம்புட்டு வயசுக்கு மேல வாய்கூசாம ஒரு புள்ள மேல பழி போடுறியே" என்றார். ஆளாளுக்கு அவரை நாலு வார்த்தை சொன்னார்கள். என் கணவரும் சொன்னார். மாமியார் என்னை மட்டும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவுக சொன்னது நிசம் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் என் வாய்க்கு எந்த வார்த்தையும் வந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

அப்பா சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினார். சாயங்காலம் அடுப்படியில் நானும் மாமியாரும்தான். சட்டியைக் கழுவிக்கொண்டே, "நான் பொய்யா சொன்னேன்?" என்று கேட்டார்.

இல்லை அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். தாடை இறுகிவிட்டது. முதல் எழுத்திலேயே நின்றேன். வேண்டுமென்று செய்கிறேன் என்றுதான் நினைப்பார் என்று தோன்றியதும் அழுகை வந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. எனக்குப் பதிலாக அவரும் சொல்லவில்லை. நான் அந்த இரண்டு வார்த்தையையும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"இதை அவுக முன்னால சொல்லிருக்கலாம்ல" என்றார்.