கோமதி மன்னிப்புக் கேட்ட ஞாயிறு

மாலை ஆறு மணி ஏழு நிமிடம். ஸ்டுடியோ கடிகாரத்துக்கு நேர் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் நின்ற என் மகள் சுகந்தி நான் எழுதிய வசனத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் பேசினாள்:

"உங்க பையனுக்கு வாய் இருக்கா, இல்ல அவருக்கும் சேர்த்து நீங்களே பேசிடுவீங்களா?"

லைவ் நாடகம். போன வார்த்தை போனதுதான். புதிதாக நாடகம் எழுத வருகிற பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதும்போது இப்போதும் படபடப்பாகத்தான் இருக்கிறது.

1. கப்பல் செய்திக்கு முன்னால்

போர்ட் பிளேர் வானொலியில் தமிழ்ப் பகுதிக்கு நாடகம் எழுதுவது என் வேலை. அந்தத் தொடர் ஞாயிறுதோறும் வந்த நான்கு வாரக் காதல் நகைச்சுவை. நாயகி கோமதி திமிர் பிடித்தவள். பெண் பார்க்க வருகிறவர்களை நாக்காலேயே விரட்டுவாள். கேட்கிறவர்களுக்கு அவளைப் பிடிக்கக் கூடாது, ஆனால் சிரிப்பு வர வேண்டும் என்று எழுதினேன்.

எங்கள் நாடகம் முடிந்ததும் கப்பல் செய்தி. இந்தியக் கரையிலிருந்து வருகிற மெயின்லேண்ட் கப்பல் என்றைக்கு வரும் என்று தெரிந்துகொள்ள, ஜங்லிகாட்டிலிருந்து அபர்டீன் பஜார் வரை எல்லோரும் கால் மணி நேரம் முன்பே ரேடியோவைத் திறந்துவைப்பார்கள். நாடகமே பிடிக்காதவர்கள்கூட எங்கள் நாடகத்தைக் கேட்டது அப்படித்தான்.

கோமதியாகப் பேச வேண்டிய பெண் துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூ ஃப்ளாட் என்ற ஊரில் இருந்தாள். அந்த முதல் ஞாயிறன்று காற்று பலம், ஃபெர்ரி ஓடவில்லை. எனக்குக் குடை கொண்டுவந்த சுகந்திக்கு வசனம் மனப்பாடம். கார்பன் வைத்துப் பிரதி எடுத்தவளே அவள்தான். வேறு வழியில்லாமல் அவளை உள்ளே அனுப்பினேன்.

தவறு அங்கே இல்லை. இரண்டு வாரம் முன்பு ஜங்லிகாட் தனலட்சுமியம்மாள் தன் மகன் பாஸ்கரனோடு சுகந்தியைப் பார்க்க வந்திருந்தார். பாஸ்கரன் மரைன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காபிக்குச் சர்க்கரை போதுமா என்றதற்கும் அவர் அம்மாதான் பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து அதை அப்படியே கோமதியின் வாயில் வைத்துவிட்டேன். இன்னொருத்தி குரலில் போயிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

சுகந்திக்கோ அவரைப் பிடித்திருந்தது. "குடிச்ச டம்ளரை அவரே கழுவி வச்சாரும்மா" என்று இரண்டு தடவை சொன்னாள். நாடகத்துக்கு அடுத்த புதன்கிழமை வந்து தட்டு மாற்றுவதாகப் பேச்சு.

2. புதன்கிழமை

யாரும் வரவில்லை. சுகந்தி கிளறிய கேசரியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். மாயாபந்தரில் வன இலாகா முகாமில் இருந்த என் கணவருக்கு என்னவென்று எழுதுவது எனத் தெரியவில்லை.

பஜாரில் காய்க்காரர் சும்மா விடவில்லை. "என்னம்மா, உங்க பொண்ணு ரேடியோல மாமியாரை அந்தக் கிழி கிழிக்குது! இனிமே கப்பல்ல வர்ற மாப்பிள்ளையும் இறங்காம திரும்பிடுவான்!"

நிலையத்தில் எங்கள் அதிகாரி வங்காளி. எல்லோரிடமும் ஹிந்திதான். "தீதி, யே லட்கி பஹுத் கடவி ஹை. தோடா மீட்டா கரோ" என்றார். அக்கா, இந்தப் பெண் ஒரே கசப்பு, கொஞ்சம் இனிப்பாக்குங்கள் என்று அர்த்தம். நடுவில் குரலை மாற்றக் கூடாது, சுகந்தியே தொடரட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு அது நல்ல சாக்கு. இரண்டாம் வாரப் பகுதியை முழுவதும் மாற்றினேன். கோமதி அழுதாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். ஜங்லிகாட்டில் ஒரு வீட்டில் கேட்க வேண்டும் என்றே எழுதினேன்.

பிரதி எடுத்துக்கொண்டிருந்த சுகந்தி பேனாவை வைத்துவிட்டாள்.

"இவ அழ மாட்டாம்மா."

"ஏன்டி அழ மாட்டா?"

"அழுறவளா இருந்தா அப்படிப் பேசியிருக்கவே மாட்டா. நீ எனக்காகப் பயந்து அவளை அழ வைக்கிற."

"ஆமா, பயம்தான். பெத்தவளுக்கு வேற என்ன வரும்?"

அவள் பேனாவை மறுபடி எடுத்தாள். "சரி, படிக்கிறேன். உனக்காக" என்றாள். ஞாயிறன்று படித்தாள். நன்றாகவே அழுதாள். வீட்டுக்கு நடந்து வரும்போது என் குடைக்குள் நெருங்கி நடந்தாள்.

3. திங்கட்கிழமை

நான் கற்றது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவரை நாடகத்தில் வைக்குமுன் இரண்டு கப்பல் வந்து போகும்வரையாவது பொறுங்கள். பிடிக்காத நாயகியை எழுதினால், ஊர் முகம் சுளிக்கிறது என்று பாதியில் அவளை நல்லவளாக்காதீர்கள். அவள்மேல் கோபப்பட்டவர்களும் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் திங்கள் மாலை ஐந்து மணிக்கு வந்தார். கதவைத் திறந்தால் பாஸ்கரன், ஒர்க்‌ஷாப் உடுப்போடு, தனியாக.

"அம்மா வரலையாப்பா?" என்றேன்.

"வெளியே வாசல்ல நிக்கிறாங்க, அத்தை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதல் நாடகம் கேட்ட அன்னைக்கே, இனி உனக்காக நான் பேச மாட்டேன், நீயே போய்ப் பேசுன்னுட்டாங்க. புதன்கிழமையே வந்திருக்கணும். எனக்குத்தான் இத்தனை நாள் ஆயிடுச்சு."

சுகந்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தே சொன்னார்:

"நேத்து நீங்க மன்னிப்புக் கேட்டது எனக்குப் பிடிக்கலைங்க. அதுக்கு முந்தின வாரம் பேசினவங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."