வீக்கம் வடிந்தபோது

மஞ்சளும் உப்பும் கரைத்த வெந்நீரில் சேவலின் வீங்கிய காலை நான்கு நாளாகப் பிடித்து வைத்துவந்தாள் செண்பகம். குஞ்சிலிருந்து அவள் கையிலேயே தின்று வளர்ந்தது. இரும்பு ஆலையில் வேலை செய்யும் கணவன் வரதன், தன் பூட்ஸில் ஒட்டிவந்த இரும்புச் சீவல்தான் குத்தியிருக்கும் என்றான். அதை நம்பி அவள், உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வீட்டுப் பின்புறம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தாள்.

இன்று வீக்கம் வடிந்திருந்தது. பாதத்துக்கு மேலே நூலை இறுக்கிச் சுற்றிய தடம் தெரிந்தது. சண்டைச் சேவலுக்குக் கத்தி கட்டும் இடம்.

"ஆந்திரா பக்கம் சண்டைக்குத் தூக்கினு போனியா?"

வரதன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரே வாட்டிதாம்மே. கெலிச்சிட்டான், தெரியுமா?"

"ஊசி போட இட்டுனு போறேன்னு சொன்ன."

"சொன்னா உட்டிருப்பியா நீ?"

"நானே குளிப்பாட்டி உன் கையில குடுத்தேனேய்யா."

அவன் சிரித்தான்.

மறுநாள் வரதன் காலை ஷிப்டுக்குப் போனான். செண்பகம் சேவலின் காலுக்கு மருந்து தடவித் துணி சுற்றினாள். கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோய், சோழவரத்தில் அக்கா வீட்டில் விட்டாள். சாயங்காலம் அவன் கேட்டபோது, நாய் கடித்துச் செத்துவிட்டது என்று சொன்னாள்.